கொத்துப் பார்சலில் மதம் தேடுவோருக்கு

மட்டக்களப்பில் எந்த மேடையிலாயினும் 'இன ஐக்கியம்' என்ற தலைப்பில் ஒருவர் பேச எழுந்தால், ஐந்தாவது நிமிடத்தில் பிட்டும் தேங்காய்ப்பூவும் வந்துவிடும். எழுவான்கரை நெடுகிலும் ஒரு தமிழ்க் கிராமம், அதையடுத்து ஒரு முஸ்லிம் கிராமம், மீண்டும் ஒரு தமிழ்க் கிராமம் என்று, குழலுக்குள் மாவும் பூவும் மாறிமாறி இட்டதுபோல் நாம் வாழ்கின்றோம் என்பது அவ்வுவமையின் பொருள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது எனினும் அது பொய்யல்ல. ஆனால் அக்கூட்டத்தில் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் கனவான்களுள் சிலர், அன்றிரவே கைத்தொலைபேசியை எடுத்து, 'அவர்களுடைய கடைகளில் உணவு வாங்காதீர்கள். வாங்கினால் உங்கள் பிள்ளைகள்தான் அனுபவிப்பார்கள்' என்ற வகையில் வந்த செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் உறங்கச் செல்கின்றனர். பிட்டு வேண்டும், தேங்காய்ப்பூ வேண்டும், பக்கத்து ஊரான் சமைத்த கொத்துரொட்டி மட்டும் வேண்டாம்.

இச்செய்தி அண்மையில் எனக்கும் வந்தது. அனுப்பியவர் படித்தவர்; பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர்; என்மீது அன்புள்ளவர். அவருக்குத் தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகின்றேன்.

முதலில் அந்தக் கொத்தைப் பற்றிச் சற்றுப் பேசுவோம். கோதுமை மாவைக் குழைத்து, எண்ணெயில் ஊறவைத்து, வீசிப் பரத்திச் சுட்ட ரொட்டி. அதை இரும்புத் தகட்டின்மீது போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, லீக்ஸ், கோவா, முட்டை ஆகியவற்றோடு சேர்த்து, இரு கையிலும் பிடித்த தகட்டுக் கத்திகளால் தாளம் தவறாமல் கொத்தி, மேலே இறைச்சிக் குழம்பை ஊற்றிப் புரட்டி எடுத்தால் கொத்துரொட்டி. (காத்தான்குடியில் குழம்பை ஆணம் என்பர். ஆணம் என்பது பழந்தமிழ்ச் சொல். தூய தமிழ் பேசுவதாக மார்தட்டும் நம்மவர் வீடுகளில் அச்சொல் எப்போதோ வெளியேறிவிட்டது. அவர்கள் வீட்டில் அது இன்னமும் அடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.) இவ்வுணவு கிழக்கில்தான் பிறந்தது என்று கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் பலர் எழுதியிருக்கின்றனர். பிறப்புச் சான்றிதழ் கேட்டு நான் வாதாட வரவில்லை. ஆனால் தென்னிலங்கையின் எந்தச் சிங்களக் கடைக்குப் போனாலும் அதன் பெயர் 'கொத்து' என்பதே. மொழிச் சட்டங்களால் முடியாததை இரண்டு தகட்டுக் கத்திகள் செய்து முடித்திருக்கின்றன.

அது மலிவானது என்பதுதான் அதன் பெருமை. கடையில் மிஞ்சிய ரொட்டி வீணாகாது. சிறிதளவு இறைச்சி நிறைய மரக்கறியோடு சேர்ந்து வயிற்றை நிரப்பும். ஒரு மனிதன், ஒரு தகடு, ஓர் அடுப்பு இருந்தால் கடை. ஒரு பார்சலைப் பிரித்தால் இரண்டு பேர் தாராளமாக உண்ணலாம். மாதம் முடிய ஒரு கிழமை இருக்கையில், சட்டைப்பையில் மிஞ்சிய காசைக் கொண்டு நாலு நண்பர் கூடி இறைச்சி மணக்கும் சாப்பாடு ஒன்றைச் சாப்பிட வழி வேறு எதுவும் நமது பிரதேசத்தில் இல்லை. பெரிய ஹோட்டல்களின் பொரித்த கோழிக்கும் பிரியாணிக்கும் அந்தத் தகுதி இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். மூன்று தமிழர், இரண்டு முஸ்லிம்கள், ஒரு பறங்கியர். ஆசிரியர், தபால் கந்தோரில் இருந்தவர், மோட்டார் திருத்துநர், பலசரக்கு வியாபாரி, வங்கிக்காரர், நான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, முடிந்தபோதெல்லாம் வாவிக்கரையில் ஓரிடத்தில் கூடுகின்றோம். பார்சலுக்குப் போகிறவரைத் தெரிவு செய்வதில் ஒவ்வொரு முறையும் தகராறு. கடைக்காரரிடம் "காக்கா, நாலு பார்சல், ரெண்டில உறைப்புக் குறைச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தத் தகட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு இன்னமும் அலுக்கவில்லை. கொண்டுவந்து, பழைய பத்திரிகைகளை விரித்து, நடுவிலே பார்சல்களைக் கொட்டி, எல்லோரும் சுற்றியிருந்து கையால் எடுத்துத் தின்போம். காத்தான்குடிக் கல்யாண வீடுகளில் சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து ஒரே தட்டில் உண்பார்களே, ஏறக்குறைய அப்படி. என்னுடைய கட்டுரை ஒன்றின்மீது குழம்பு ஊறுவதைப் பார்த்து, 'இன்றைக்குத்தான் உன் எழுத்தில் உப்பு, புளி இருக்கிறது' என்று ஆசிரியர் சொன்னதை மற்றவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

எப்போதும் முஸ்லிம் கடையிலேயே வாங்குவது ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. எங்களுள் இருவருக்கு ஹலால் அல்லாத இறைச்சி ஆகாது. தமிழர் மூவருள் இருவர் மாட்டிறைச்சி உண்பதில்லை; ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் மச்சமே தொடார். அவரவர் விதி அவரவருக்கு. முஸ்லிம் கடையில் வாங்கிய கோழிக்கொத்தையும் முட்டைக்கொத்தையும் ஆறு பேரும் உண்ணலாம். வெள்ளிக்கிழமையாயின் ஒரு மரக்கறிக் கொத்துக் கூடுதலாகச் சொன்னால் போயிற்று. இதே ஆறு பேரையும் எந்த ஒருவருடைய வீட்டுக்கு அழைத்தாலும் அந்த வீட்டுப் பெண்கள் எதைச் சமைப்பது, எந்தச் சட்டியில் சமைப்பது என்று கலங்கித்தான் போவார்கள். அது அவர்கள் குற்றமன்று. வீட்டு அடுப்புக்கு அதன் ஆசாரம் உண்டு. கடைப் பார்சல்தான் அந்தச் சங்கடத்தை நீக்கிப் பலரை ஒரே விரிப்பில் உட்காரவைத்தது. ஆகவே 'அந்தக் கடையில் வாங்காதே' என்பது 'அந்த மனிதனோடு உட்காராதே' என்பதாகவே முடிகிறது. சொல்பவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

இனி, 'பிள்ளைகள் அனுபவிப்பார்கள்' என்ற பூச்சாண்டிக்கு வருவோம்.

இக்கதைக்கு ஓர் ஊரும் ஒரு நாளும் உண்டு. அம்பாறை நகரம், 2018 பெப்ரவரி 26, இரவு. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உண்ண வந்த சிங்கள வாடிக்கையாளர் ஒருவர், கறிக்குள் கிடந்த சிறு கட்டியொன்றைக் காட்டி, இது மலட்டு மாத்திரை என்று கூச்சலிட்டார். கூட்டம் சேர்ந்தது. காசு மேசையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. 'இதைப் போட்டாயா, போட்டாயா' என்று சுற்றிநின்று அதட்டிக் கேட்டபோது, எதைக் கேட்கிறார்கள் என்று விளங்காமலே அந்த மனிதர் ஆமோதிப்பதுபோல் ஏதோ சொல்லிவைத்தார். அந்தச் சில விநாடிகளைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, 'குற்றவாளியின் வாக்குமூலம்' என்று நாடெங்கும் பரப்பினார்கள். அன்றிரவே கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன.

கட்டியை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் அனுப்பினார்கள். அவர் கண்டது மாச்சத்து. கறியில் கரையாமல் திரண்ட வெறும் மா. மலட்டு மருந்து எதுவும் அதில் இருக்கவில்லை. ஒரு முறை உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை இவ்வுலகில் எங்குமே இல்லை என்று வைத்தியத் துறையினரும் சொன்னார்கள். ஆனால் அறிக்கை வெளிவருவதற்குள் கண்டி மாவட்டத்தில் திகன எரிந்து முடிந்திருந்தது. அதற்கு உடனடிக் காரணம் வேறு. எனினும் அந்தக் கூட்டங்களைச் சேர்த்த செய்திகளோடு செய்தியாக இந்த மாத்திரைக் கதையும் ஓடியது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாகி, முகநூலும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. கரையாத மாக்கட்டி ஒன்றின் வரலாறு இவ்வளவு.

நம் வீட்டுச் சட்டியிலும் சில நாட்களில் மாக்கட்டி கிடக்கிறது. நாம் அதைக் கரண்டியால் நசுக்கிவிட்டுச் சாப்பிடுகின்றோம்.

இங்கே என் இனத்தவரிடம் ஒன்று கேட்கவேண்டும். அம்பாறையில் அந்தக் காசு மேசையில் இருந்தவர் ஏன் அடிபட்டார்? அவருக்குத் தெரிந்த மொழி தமிழ் என்பதால், சுற்றி நின்றவர்களின் மொழி விளங்காததால். பொலிஸ் நிலையத்திலும் காவலரண்களிலும் விளங்காத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்கு 'ஆம்' என்று தலையாட்டியும், விளங்காத வாக்குமூலத்தில் கையொப்பமிட்டும் எத்தனை தமிழ் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் சிறை கிடந்தார்கள் என்று நாம் எவ்வளவு எழுதியிருக்கின்றோம்! அதே அநீதி ஒரு கொத்துக்கடைக்காரருக்கு நேர்ந்தபோது, அக்கதையை நாமே மொழிபெயர்த்து, தமிழ் எழுத்தில் அச்சுக்கோத்து, நம் பிள்ளைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றோம். வெட்கம் என்ற சொல்லுக்கு இதைவிட வேறு பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதைகளின் ஊற்றும் இரகசியமானதன்று. 2013ஆம் ஆண்டு பொது பல சேனா ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளம்பியபோது, 'இது அவர்கள் பிரச்சினை' என்று நம்மில் பலர் ஒதுங்கிநின்று வேடிக்கை பார்த்தோம். சிலர் உள்ளூர மகிழவும் செய்தனர். 2019 ஜூனில் அஸ்கிரிய பீடத்தின் மகாநாயக்க தேரர், முஸ்லிம் கடைகளில் உண்ணவேண்டாம், அங்கே உண்ட இளைஞர்களுக்குப் பிள்ளை பிறக்காது என்ற பொருள்படப் பேசினார். இன்று நம் கைத்தொலைபேசிகளுக்கு வரும் தமிழ்ச் செய்தியில் அந்தப் பேச்சின் பொருள் அப்படியே இருக்கிறது. 'சிங்கள இளைஞர்' என்ற இடத்தில் 'தமிழ்ப் பிள்ளைகள்' என்று மாற்றியிருக்கின்றனர், அவ்வளவே. பேரினவாதத்தை எதிர்த்து நாற்பது ஆண்டு போராடிய இனம் அதன் துண்டுப்பிரசுரத்தை இரவல் வாங்குகிறது.

நண்பர் என் வாயை அடைக்க ஒரு கேள்வி வைத்திருப்பார் என்று அறிவேன். 'எல்லாவற்றையும் மறந்துவிட்டாயா?'

மறக்கவில்லை. 1990இல் எனக்கு மறதி வரும் வயதன்று. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களுள் 158 பேரைப் பிடித்துச் சென்றார்கள்; ஒருவரும் திரும்பவில்லை. நான் பட்டம் பெற்றதும் அதே வளாகத்தில்தான். நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டான். அதற்கு முன் ஓகஸ்டில் வீரமுனை. அதே ஓகஸ்ட் மாதம் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் முதுகில் சுடப்பட்டு இறந்தனர். ஒரு கிழமை கழித்து ஏறாவூர். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவன் நினைவுகூர்பவன் அல்லன், கணக்குக் காட்டுபவன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நமது நகரின் சீயோன் தேவாலயத்தில் சிறுவர்கள் உட்பட முப்பது பேரளவில் பலியாயினர். அத்தாக்குதல்களின் தலைவன் காத்தான்குடியில் பிறந்தவன் என்பதும் உண்மை. 2017 மார்ச்சில் சூபி முஸ்லிம்களோடு அவன் கூட்டம் மோதியபின் அவ்வூரிலிருந்து தலைமறைவானவன் என்பதும், அவனைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே என்பதும் அதேயளவு உண்மை.

அந்தக் குண்டுக்கும் தகட்டின் முன் வியர்த்து நிற்கும் கொத்துக்காரனுக்கும் என்ன தொடர்பு? 2019 மே, ஜூன் மாதங்களில் தமிழ் வாடிக்கையாளர் வரவு நின்றபோது அடிபட்டவர் எவரும் தீவிரவாதிகள் அல்லர். நாட்கூலிக்கு வெங்காயம் உரித்தவன், பாத்திரம் கழுவியவன், மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோனவன். அவர்களுள் படுவான்கரையிலிருந்து வந்து வேலை செய்த தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவன் நான். பகிஷ்கரிப்பு அவர்களுக்கு விதிவிலக்கு அளிக்கவில்லை.

உண்மையான பிணக்குகள் இருக்கின்றன, இல்லையென்று யார் சொன்னது? கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை இருக்கிறது. எல்லைகள், காணிகள், அரச நியமனங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைக் கச்சேரியிலும் பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேசுங்கள், சத்தமாகவே பேசுங்கள். நானும் எழுதியிருக்கிறேன், எங்கள் கூட்டத்திலேயே அதற்காகக் கத்தியிருக்கிறோம். ஒருமுறை கல்முனை விடயம் பேசி, பலசரக்கு வியாபாரியும் ஆசிரியரும் ஒரு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் பார்சல் காசில் தம் பங்கை இருவரும் மற்றவர் மூலமாகக் கொடுத்தனுப்பி, வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி தின்றார்கள். காணிப் பிணக்கைத் தீர்க்கத் துணிவில்லாத அரசியல்வாதிக்குத்தான் சாப்பாட்டுக்கடை எளிதாக அகப்படுகிறது.

பகிஷ்கரிக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்கள், ஒரு பார்சலை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்கட்டும். மா, 1980 முதல் திருகோணமலையில் இயங்கும் பிறீமா ஆலையில் அரைக்கப்பட்டது, கம்பனி சிங்கப்பூருடையது, கோதுமை கப்பலில் வந்தது, அது எந்த மதத்தவன் வயலில் விளைந்தது என்று விசாரித்து எழுதுங்கள். லீக்ஸும் கரட்டும் நுவரெலியாவிலிருந்து வருகின்றன. அவற்றைப் பிடுங்கியவை மலையகத் தமிழ்ப் பெண்களின் கைகளாகவே இருக்கும். பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் களுதாவளைப் பக்கத்துத் தோட்டக்காரர் கொடுத்தவை. முட்டைக்காரர் தமிழர், கோழிக்காரர் முஸ்லிம், அல்லது மறுதலை. பக்கத்துக் கடையில் சோற்றுப் பார்சல் என்றால், நெல் படுவான்கரைத் தமிழருடையதாகவும் அதைக் குற்றிய ஆலை முஸ்லிமுடையதாகவும் இருப்பது இங்கே வழமை. இவ்வளவையும் கழித்துவிட்டால் பகிஷ்கரிப்பதற்கு மிஞ்சுவது, கொத்தியவனின் கை ஒன்றுதான்.

கை என்று சொன்னதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. 'அவன் கையால் தண்ணீர் குடியாதே' என்ற வசனத்தை இந்த மண்ணில் முதலில் கேட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் ஊற்றிக் கொடுத்த காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னும், கடை கடையாக ஏறிப் போராடித்தான் அந்த மக்கள் உள்ளே உட்கார இடம் பெற்றார்கள். கிழக்கில் சாதி அவ்வளவு கொடியதன்று என்று நாம் சொல்லிக்கொள்வோம். ஆயினும் எந்த வீட்டில் யாருக்கு எந்தப் பேணி என்பது நமக்கும் தெரிந்த சங்கதியே. அசுத்தம் என்று அன்று சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை, இன்றைய மாத்திரைக்கு இருப்பதைப்போல.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. இந்தியாவிலே உத்தரப் பிரதேசத்தில், 2024 ஜூலையில், சிவ பக்தர்களின் காவடி யாத்திரை செல்லும் வழியிலுள்ள உணவுக்கடைகள் எல்லாம் உரிமையாளரின் பெயரை வெளியே எழுதித் தொங்கவிடவேண்டும் என்று பொலிஸார் உத்தரவிட்டனர். பெயரைப் படித்ததும் மதம் தெரிந்துவிடும் அல்லவா? உச்ச நீதிமன்றம் ஜூலை 22ஆம் திகதி அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு என்று எழுதச் சொல்லலாம், யாருடைய கடை என்று எழுதுமாறு வற்புறுத்தக்கூடாது என்றது. நமக்கு அப்படியொரு பலகையே தேவையில்லை. கடைப் பெயரின் முதலெழுத்தைப் பார்த்தே நாம் சாதியும் சமயமும் சொல்லிவிடுவோம்.

என் முஸ்லிம் வாசகர்கள் இதைப் படித்து மகிழ்ந்து போய்விடவேண்டாம். அதே நோய் மறுகரையிலும் உண்டு. தமிழ் வியாபாரிகள் ஊருக்குள் மரக்கறி கொண்டுவரக் கூடாது, தமிழர் கடையில் ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்று பதற்றம் வந்தபோதெல்லாம் கட்டளையிட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஹலால் என்பது ஒருவர் எதை உண்பது என்பதற்கான விதி. ஒரு தமிழ்ப் பெண் தலையில் சுமந்துவரும் கீரைக்கட்டில் ஹராம் எங்கே இருக்கிறது? கூட்டத்தின் முன் நின்று ஐக்கியம் பேசிவிட்டுப் பின்வாசலால் இதைச் சொல்லும் பெரியவர்களும் அங்கே உண்டு. பெயர் சொல்லாமலே அவர்களுக்கு விளங்கும்.

'சரி, சுத்தம் என்று ஒன்று இல்லையா?' என்று கேட்பீர்கள். உண்டு, அது நியாயமான கேள்வி. பல கொத்துக்கடைகளின் பின்புறத்தைப் பார்த்தால் பசி போய்விடும் என்பதை நான் மறுக்கவில்லை. பழைய எண்ணெய், மூடாத குழம்பு, கழுவாத துணி எல்லாம் உண்டு. அதற்காகத்தான் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இருக்கின்றனர். முறையிடுங்கள், கடையை மூடச் சொல்லுங்கள், நானும் வந்து கையெழுத்திடுகிறேன். ஆனால் அந்த முறைப்பாடு தமிழர் கடைக்கும் முஸ்லிம் கடைக்கும் ஒன்றாய் இருக்கட்டும். ஊத்தை எண்ணெய்க்குச் சமயம் கிடையாது; நம் பஸ் நிலையத்துச் சைவக் கடையொன்றின் வடையைத் தின்று இரண்டு நாள் படுக்கையில் கிடந்தவன் சொல்கிறேன்.

பார்சலில் நிஜமான நஞ்சு ஒன்றும் உண்டு. அது வெளியே சுற்றியிருக்கிறது. லஞ்ச் சீற் என்னும் பொலித்தீன் தாளை 2017 செப்டெம்பர் 1 முதல் தடை செய்தார்கள். தடை வர்த்தமானியில் கிடந்தது. தாள் கடைகளில் கிடந்தது. தின்றுவிட்டு நாம் எறிந்தவை வாவியில் மிதந்தன. காந்திப் பூங்காவின் ஓரத்திலும் கல்லடிப் பாலத்தின் கீழும் போய்ப் பாருங்கள். இறாலும் மீனும் குஞ்சு பொரிக்கும் கண்ணாப் பற்றைகளின் வேர்களில் நம் விருந்தின் மிச்சம் தொங்குகிறது. கடைக்காரரைக் கேட்டால் வாழையிலை விலை அதிகம் என்கிறார். நாங்கள் சில காலமாக வீட்டிலிருந்து மூடிச்சட்டி கொண்டுபோகின்றோம். கடைக்காரர் முதலில் சிரித்தார், இப்போது சட்டி கொண்டுவருபவர்களுக்கு ஒரு அகப்பை கூடுதலாகப் போடுகிறார். பிள்ளைகளின் எதிர்காலத்தில் அக்கறையுள்ள நண்பர்கள் பார்சலுக்கு எதிராக இயக்கம் தொடங்க விரும்பினால் இங்கிருந்து தொடங்கலாமே. இதற்கு மட்டும் ஒருவரும் வட்ஸ்அப்பில் கட்டளை அனுப்புவதில்லை.

2022ஆம் ஆண்டை எல்லோரும் நினைவில் வைத்திருப்பீர்கள். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. கோதுமை மா, முட்டை எல்லாம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போயின. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்தைய ஆண்டின் சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட இருமடங்கு காசு. அப்போது நாங்கள் ஆறு பேருக்கு இரண்டு பார்சல் வாங்கினோம். கடைக்காரர் விறகடுப்பு மூட்டி, புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொத்தினார். இறைச்சி குறைந்தது, கோவா கூடியது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களுள் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். முட்டைக்கொத்தை முட்டையில்லாமல் போட்டுத் தரமுடியுமா, விலை குறையுமா என்று ஒரு தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். 'இது யாருடைய கடை' என்று அந்த வரிசையில் எவரும் ஆராயவில்லை. மதம் பார்த்துச் சாப்பிட முதலில் வயிறு நிறைந்திருக்க வேண்டும் போலும். எங்களுக்கு இந்தக் கட்டளைகளை அனுப்பும் அன்பர்களுள் பலர் வெளிநாட்டில் இருக்கின்றனர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன். அங்கே அவர்கள் துருக்கிக்காரரின் கபாப் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். நிற்கட்டும், நல்ல சாப்பாடு.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, படுவான்கரைக்கு ஒரு பார்சல் கொண்டுபோவதென்றால் துறையில் காத்திருந்து, பாதையில் ஏற்றி, அக்கரை சேர்கையில் அது ஆறிக் கட்டியாகியிருக்கும். யுத்த காலத்தில் அதற்கிடையில் இரண்டு பக்கத்துக் காவலரண்களும் அதைத் தனித்தனியே கிளறிப் பார்க்கும். இப்போது காத்தான்குடியில் கட்டிய பார்சல் ஆரையம்பதி கடந்து, பாலம் கடந்து, கொக்கட்டிச்சோலைக்குச் சூடாகவே போகிறது. கொக்கட்டிச்சோலைத் தயிர்ச் சட்டி அதே பாலத்தால் இந்தப் பக்கம் வருகிறது. மாலையில் போய் நின்றால், எத்தனை மோட்டார் சைக்கிள்களின் கைபிடியில் பார்சல் பைகள் ஆடிக்கொண்டு போகின்றன என்று எண்ணலாம்.

செய்தி அனுப்பிய நண்பருக்கு இவ்வளவையும் எழுதிய பின், வரும் சனிக்கிழமை எங்களோடு வந்து உட்காருமாறு அழைத்திருக்கின்றேன். மாட்டிறைச்சி இராது, அவருக்கு நீரிழிவு என்பதால் ரொட்டி குறைத்து மரக்கறி கூட்டிப் போடச் சொல்லலாம். பங்குக் காசை முற்கூட்டியே தரவேண்டும், கடனுக்கு இடமில்லை என்பதையும் அறிவித்திருக்கின்றேன். இதுவரை பதில் இல்லை. ஐந்து பார்சலா, நான்கா என்று மோட்டார் திருத்துநர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.